குரங்கு பார்க்கிறவனுக்குச் சம்பளமா?



இந்த வலைப்பூவில் பெரும்பாலும் பழைய கதைதான் எழுதுகிறேன். இன்று கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் மாதம் முதல் வாரம். வழக்கம்போல் காலை நடை முடித்து, கோமதி அம்பாளுக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரத வீதி டீக்கடையில் நாலு கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். ஜேன் குடால் அம்மையார் அக்டோபர் 1 அன்று 91 வயதில் காலமான செய்தி பேப்பரில் வந்திருந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சிகளைப் பார்த்தே பெயர் வாங்கிய இங்கிலாந்துக்காரப் பெண்மணி அவர். எங்கள் கூட்டாளி ஒருவர், தறி வைத்து நடத்திப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்தவர், செய்தியை உரக்கப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்தார்.

"ஏ அண்ணாச்சி, அறுபது வருஷமா குரங்கு பாத்திருக்கா. அதுக்குச் சம்பளம், அவார்டு, எல்லாம். நம்ம குத்தாலத்துல ஒரு சீப்புப் பழம் வாங்கிட்டுப் போனா நூறு குரங்கு வந்து நிக்கும். இதுல பாக்கதுக்கு என்னவே இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பதிலும் சரியாகச் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும். 'பிரெஞ்சு அண்ணாச்சிக்கு மூக்கு சிவந்துட்டு' என்று அதற்கும் ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே வைக்கிறேன். அந்த நண்பரும் இதைப் படிப்பார். படித்துவிட்டு நாளைக்கு டீக்கு அவர்தான் காசு கொடுக்க வேண்டும்.

முதலில் ஒன்று. சிம்பன்சி நம் ஊர்க் குரங்கு போல வாலுள்ள ஜாதி இல்லை. வாலில்லாத, நமக்கு மிக நெருங்கிய உறவு. அது நம் நாட்டுக் காடுகளில் கிடையாது. ஆனால் குடால் அம்மையார் தான்சானியாவில் கோம்பே காட்டில் செய்த அதே வேலையை, நம் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே, அந்த மலைத் தொடரிலேயே பல வருஷங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் 2004 வரை தெரியாது.

என் தங்கை மகள் விலங்கியல் படித்துவிட்டு, ஆராய்ச்சி வேலையாக மாஞ்சோலைக்கு மேலே, காக்காச்சி பக்கம் தங்கியிருந்தாள். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கின் பின்னால் திரிகிற வேலை. வயதுப் பெண் காட்டுக்குள் தனியாக இருக்கிறாளே என்று வீட்டில் ஒரே புலம்பல். "அண்ணன் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றாள் தங்கை. நாலு நாள் லீவு போட்டேன். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு பை, ஊறுகாய் ஒரு ஜாடி. கல்லிடைக்குறிச்சியில் பஸ் மாறி, மணிமுத்தாறு செக்போஸ்டில் பெயர் எழுதிக் கொடுத்து, வளைந்து வளைந்து மேலே போனேன். போகும்போது என் மனசிலும் இந்தக் கேள்விதான் இருந்தது: குரங்கு பார்ப்பது ஒரு வேலையா?

முதல் நாள் காலை நாலரை மணிக்கு எழுப்பிவிட்டாள். கட்டங்காப்பி, முந்தின நாள் மீந்த உப்புமா. காலில் முழங்கால் வரை துணி உறை, அதன் மேல் புகையிலைத் தூள். அட்டைக்காக. அப்படியும் மாலைக்குள் என் காலில் பதினொன்று எண்ணினேன். இருட்டிலேயே நடந்தோம். மந்திக் கூட்டம் முந்தின நாள் எந்த மரத்தில் அடைந்ததோ, அது எழுந்திருக்கும் முன் அந்த மரத்தடியில் போய் நிற்க வேண்டும். பிந்திவிட்டால் அன்றைய நாள் போச்சு. சோலைமந்தி தரையில் இறங்கி நமக்காகக் காத்திருக்கிற ஜாதி இல்லை. உச்சாணிக் கிளையிலேயே பிறந்து, தின்று, தூங்குகிறது.

முன்னால் நடந்தவர் காணிக்காரர் ஒருவர். வயது ஐம்பது இருக்கும். கையில் அரிவாள், தோளில் ஒரு பை. அவர் இல்லாவிட்டால் நாங்கள் முதல் ஓடையிலேயே வழி தப்பியிருப்போம். மரத்தடியில் நின்றதும் மேலே பார்த்து, மெதுவாக, "இருக்காவ" என்றார். எனக்கு இலையும் இருட்டும்தான் தெரிந்தது.

விடிந்த பிறகு வேலை தொடங்கியது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரம் சத்தம் கொடுக்கும். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு மந்தியும் என்ன செய்கிறது, எந்த மரம், எவ்வளவு உயரம், பக்கத்தில் யார் என்று எழுத வேண்டும். தின்கிறது, நகர்கிறது, உட்கார்ந்திருக்கிறது, பேன் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பேனா கிடையாது, பென்சில். மழையில் மை கரைந்துவிடும். பைனாகுலரில் ஆவி படியும், துடைக்க வேண்டும், துடைப்பதற்குள் மந்தி அடுத்த மரத்துக்குப் போய்விடும். கழுத்து விறைத்துவிடும். மதியம் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம், அதையும் நின்றுகொண்டே. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் அடைகிற மரத்தைக் குறித்துக்கொண்டு திரும்பி, குளித்து, அட்டைக் கடியைச் சொறிந்துகொண்டே, அன்று எழுதியதையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் வேறு தாளில் பிரதி எடுப்பாள். பத்து மணிக்குப் படுக்கை. மறுநாள் நாலரை.

நாலு நாளில் மந்திகள் சண்டை போட்டதை ஒரே ஒரு தடவை பார்த்தேன், அதுவும் பாதி. மற்றபடி தின்றன, உட்கார்ந்தன, நகர்ந்தன. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் மழையும் மேகமும் இறங்கி ஒன்றுமே தெரியவில்லை. கடிகாரம் மட்டும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தியது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் நேரத்தை எழுதி, பக்கத்தில் 'தெரியவில்லை' என்று குறித்தாள். மூன்று மணி நேரம். பன்னிரண்டு தடவை.

"ஏம்மா, மொத்தமா ஒரு கோடு போட்டு மழைன்னு எழுதிட்டாப் போதாதா?" என்று கேட்டேன்.

"போதாது மாமா. நடுவுல ஒரு தடவை தெரிஞ்சிருந்தா?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காணிக்காரர், "காது கிழிஞ்சவ கூடக் குட்டி இல்ல" என்றார். அந்தத் தாயை அவருக்கு அடையாளம் தெரியும். கூட்டத்தில் ஒவ்வொன்றையும் தெரியும். மூன்று பேரும் தேடினோம். மாலை வரை அந்தத் தாய் நாலைந்து தடவை கண்ணில் பட்டாள், வயிற்றில் குட்டி இல்லை. செத்திருக்கும் என்று எனக்குப் பட்டது. பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனால் நோட்டில் 'குட்டி இறந்தது' என்று எழுதவில்லை. 'குட்டியைக் காணவில்லை' என்று எழுதினாள். காணாததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ராத்திரி நான் வெகு நேரம் யோசித்தேன். இந்த மந்தி அடிக்கடி ஈனுவதில்லை. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் இரண்டரை, மூன்று வருஷம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நாலாயிரத்துக்குள்தான். ஒரு குட்டி என்பது அங்கே பெரிய கணக்கு.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு அம்மாவோடு தாய்மாமன் வீட்டுக்கு, இந்த ஊருக்கு வந்தேன். பள்ளியில் எங்களுக்கு 'திக்தே' என்று தினமும் உண்டு. ஆசிரியர் படிப்பார், நாங்கள் எழுத வேண்டும். காதில் விழாத சொல்லுக்கு நாமாக ஒன்றை இட்டு நிரப்பினால் பிரம்பு. இடம் விட்டால் பிரம்பு இல்லை, மார்க் மட்டும்தான் குறையும். கேட்காததை எழுதாதே என்பது அவர் சட்டம். பிரெஞ்சில் 'ஒப்ஸெர்வே' என்று ஒரு சொல். கவனித்துப் பார்ப்பது என்றும் பொருள், விதியை விடாமல் கடைப்பிடிப்பது என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

இவ்வளவு படித்தவன் என்ன செய்தேன் தெரியுமா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே மழைமானி என் பொறுப்பு. தினமும் காலை எட்டரைக்கு மழைமானி பாட்டிலைத் திறந்து, இருந்தால் அளந்து, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நம் சீமையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூஜ்யம்தான். மேலே இருந்தவர் ஒரு நாள், "பெய்யாத மழையைப் பாக்க எதுக்குவே தினம் எட்டரைக்கு ஓடி வாரீரு? மாசக் கடைசியில சேத்துப் போட்டுக்கிடும்" என்றார். எனக்கும் சௌகரியமாக இருந்தது.

ஒரு சித்திரை மாதம். மைத்துனன் கல்யாணம், மூன்று நாள் ஊரில் இருக்க மாட்டேன். போகும் முன்பே மூன்று நாளுக்கும் மையால் பூஜ்யம் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பாட்டிலைத் திறந்தால் தண்ணீர். நடுவில் ஒரு ராத்திரி காற்றும் கோடை மழையும் அடித்திருக்கிறது. பதிவேட்டில் மூன்று பூஜ்யமும் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அடித்துத் திருத்தினால் விளக்கம் எழுத வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பாட்டிலைச் செடிக்கு ஊற்றினேன்.

பத்து நாள் கழித்து ஒருவர் மனுவோடு வந்தார். அந்த ராத்திரிக் காற்று மழையில் குலை தள்ளிய வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டதாம். நிவாரணம் கேட்டார். மேலே இருந்தவர் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "அன்னைக்கு மழையே இல்லையேவே" என்று மனு திரும்பிவிட்டது. அவர் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களாவது சொல்லுங்க, பெய்ஞ்சிதா இல்லையா?" என்றார். நான் ஊரில் இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் பாட்டிலில் தண்ணீர் இருந்ததைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

பார்த்துவிட்டு எழுதிய பூஜ்யமும் பார்க்காமல் எழுதிய பூஜ்யமும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று சாட்சி, இன்னொன்று பொய். அதனால்தான் காக்காச்சி மழையில் அந்தப் பெண் பன்னிரண்டு தடவை 'தெரியவில்லை' என்று எழுதியபோது நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலைக்குத்தான் நீங்கள் 'சம்பளமா?' என்று கேட்கிறீர்கள்.

'சரி, எழுதி என்ன கண்டுபிடிச்சாவ?' என்று அடுத்த கேள்வி வரும். சொல்கிறேன்.

1970களில் ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்று இருவர் நம் திருநெல்வேலி மாவட்டத்து மலைகளுக்கு வந்து சோலைமந்தியைத் தொடர்ந்து பார்த்தார்கள். அதற்கு முன் அந்த மந்தி எவ்வளவு பரப்பில் திரியும், எந்த மரத்தை நம்பியிருக்கும் என்று எண்ணிச் சொன்னவர்கள் அநேகமாக யாரும் இல்லை. களக்காடு சரணாலயம் 1976இல் இந்த மந்தியை முன்வைத்தே ஏற்பட்டது. அதே பத்தாண்டில் ஜான் ஓட்ஸ் என்பவர் காக்காச்சியில் கருமந்தி எந்த இலையைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது, ஏன் என்று பார்த்தார். கேரளத்தில் சைலன்ட் வேலி அணைத் திட்டம் 1983இல் கைவிடப்பட்டதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் அந்தப் போராட்டத்தில் எல்லாருடைய வாயிலும் இருந்தது இந்தச் சிங்கவால் குரங்கின் பெயர். யாரோ மழையில் நின்று எண்ணிச் சொல்லாமல் அந்தப் பெயர் எப்படி வந்திருக்கும்?

இன்னும் ஒன்று. நம் மலையில் வெடிப்பலா என்று ஒரு பெரிய மரம். முள்ளு முள்ளாகக் காய்க்கும், மேலேயிருந்து விழுந்தால் தலை தப்பாது. அதன் பூவுக்கு இதழ் கிடையாது, சதைப்பற்றான ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அதைத் தின்ன மந்தியும் மலை அணிலும் வௌவாலும் வருகின்றன. மந்தி பூவைத் தின்று அழிக்கிறது என்றுதான் பார்த்தவர்கள் நினைப்பார்கள். கணேஷ், தேவி என்ற இரு ஆய்வாளர்கள் காக்காச்சியில் உட்கார்ந்து பார்த்து, தின்ன வருகிற விலங்குகளே மகரந்தத்தைச் சுமந்து மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அந்தக் காடு பிடித்து வைத்திருக்கிற தண்ணீர்தான் தாமிரபரணிக்கும் மணிமுத்தாறுக்கும் வருகிறது. மந்தி பார்ப்பது மந்தியோடு முடிகிற காரியம் இல்லை, அண்ணாச்சி.

வால்பாறையில் புதுத்தோட்டம் என்று ஒரு துண்டுக் காடு. சுற்றிலும் தோட்டம், நடுவே ரோடு. மரத்திலேயே வாழ வேண்டிய சோலைமந்தி அங்கே ரோட்டில் இறங்கி வண்டியில் அடிபட்டது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் கடக்கிறது என்று பார்த்து வைத்தவர்கள் இருந்ததால்தான் மரத்துக்கு மரம் பாலம் கட்ட முடிந்தது. ரோட்டில் நின்று வண்டியை நிதானிக்கச் சொல்லக் காவலர்களையும் போட்டார்கள்.

பார்க்காதவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் நம் தலைமுறைக்குத் தெரியும். கருங்குரங்கு லேகியம் என்று நம் சந்தைகளில் விற்றதே, மறந்துவிட்டோமா? இளைத்த பிள்ளைக்கு, இருமலுக்கு, ஆண்மைக்கு, எல்லாவற்றுக்கும். என் மாமன் வீட்டிலும் ஒரு டப்பா இருந்தது. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் திருட்டுத்தனமாக நடந்தது. அதைச் சுட்டவனும் குரங்கைப் பார்த்தவன்தான். அவனுக்குக் காசு கொடுக்கும்போது யாரும் 'குரங்கு பார்க்கிறவனுக்குக் காசா?' என்று கேட்கவில்லை.

குற்றாலத்துக் குரங்குக்கு வருகிறேன். அங்கே பழத்தைக் காட்டி நாம் பார்ப்பது குரங்கை அல்ல, நம் பழத்துக்கு அது படுகிற பாட்டைத்தான். இது நான் சொல்வதல்ல, கோம்பேயிலேயே நடந்த பாடம். 1960 ஜூலை 14 அன்று குடால் அம்மையார் கோம்பே கரையில் இறங்கினார். (ஜூலை 14 பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். அன்று காரைக்காலில் பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நடந்ததை வேடிக்கை பார்த்த பையன் நான்.) மாதக்கணக்கில் சிம்பன்சிகள் அவரைக் கண்டாலே ஓடின. அவருக்கும் கூட வந்த தாயாருக்கும் மலேரியா. நவம்பரில்தான், ஒரு சிம்பன்சி புல் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டுக் கறையானை எடுத்துத் தின்பதைக் கண்டார். மனிதன் மட்டுமே கருவி பயன்படுத்துகிறவன் என்ற எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது. பின்னால் அவர்களும் முகாமில் வாழைப்பழம் வைத்தார்கள். கூட்டம் கூடியது, கூடவே சண்டையும் கூடியது. பிறகு பழத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தவறைத் தவறு என்று எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. குற்றாலத்தில் நாம் வருஷக் கணக்காக அதே பழத்தை நீட்டுகிறோம். பிறகு குரங்கு பையைப் பிடுங்குகிறது என்று மனுவும் கொடுக்கிறோம்.

இனி எனக்கு உள்ளபடியே கோபம் உள்ள இடம். இது டீக்கடை நண்பர்கள் மேல் அல்ல, படித்தவர்கள் மேல்.

1975 மே மாதம் கோம்பேயில் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து நாலு மாணவர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் பின்னால் மீண்டார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்குவது நின்றுபோயிற்று. அப்போது நோட்டுப் புத்தகம் நின்றதா? இல்லை. உள்ளூர் தான்சானியா ஆட்கள் தொடர்ந்து எழுதினார்கள். அதற்கு முந்தின வருஷம், ஒரு சிம்பன்சிக் கூட்டம் இன்னொரு கூட்டத்தாரைத் தனியாக மடக்கி அடித்ததை முதலில் கண்டவர் ஹிலாலி மதாமா என்ற உள்ளூர்க்காரர். உலகமே பேசிய செய்தி அது. ஜேன் குடால் பெயர் தெரிந்த ஆயிரம் பேரில் ஹிலாலி பெயர் தெரிந்தவர் ஒருவர் இருப்பாரா?

நம் மலையிலும் அதே கதைதான். சின்னமயிலாற்றுக்காரரும் சேர்வலாற்றுக்காரரும் காட்டாமல் யாரும் எந்த மந்தியையும் கண்டதில்லை. என் தங்கை மகள் பட்டம் வாங்கினாள். அந்தக் காணிக்காரர் பெயர் ஆய்வேட்டில் நன்றி சொல்கிற பக்கத்தில், கடைசிப் பத்தியில் வந்தது. அவளுக்கே அது மனசுக்குச் சரியாகப் படவில்லை. வழக்கம் அப்படி என்றாள். அவருக்குத் தினக்கூலி. திட்டம் முடிந்தால் கூலியும் முடிந்தது. அடுத்த திட்டம் வரும்வரை அந்தக் கூட்டத்தை யார் பார்ப்பது? காது கிழிந்தவளை அடையாளம் தெரிந்த ஒரே மனிதர் கீழே வாழைத்தார் சுமக்கப் போய்விடுகிறார். இடையில் ஓடுகிற வருஷங்கள் பதிவேட்டில் பூஜ்யம்கூட இல்லை, வெறும் காலி. பின்னால் வருகிறவர்கள் அதை இட்டு நிரப்புவார்கள், நான் நிரப்பின மாதிரி.

எனவே நண்பரின் கேள்வியை நான் திருப்பிப் போடுகிறேன். குரங்கு பார்க்கிறவனுக்குச் சம்பளமா என்று கேட்காதீர்கள். ஏன் நிரந்தரச் சம்பளம் இல்லை என்று கேளுங்கள்.

ஒரு எதிர்வாதம் உண்டு. அதை அன்று டீக்கடையில் இன்னொருவர் மெதுவாகச் சொன்னார். அவருடைய சம்பந்தி வீடு மாஞ்சோலை. "குரங்குக்கு அங்க இடம் இருக்கு, மனுசனுக்கு இல்லையே அண்ணாச்சி" என்றார். அதற்குச் சிரிக்க முடியாது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குக் கம்பெனிக்குக் கொடுத்தது. நாலைந்து தலைமுறை அங்கே கொழுந்து பறித்தது. 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். 2024இல், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, விருப்ப ஓய்வு என்று சொல்லி மலையிறங்கச் சொன்னார்கள். வழக்குப் போட்டும் நிற்கவில்லை. பிறந்த ஊர் என்று சொல்ல வேறு ஊர் இல்லாத ஜனங்கள்.

அந்தக் கோபம் நியாயம். என்னிடம் அதற்கு முழு பதில் இல்லை. ஆனால் கோபம் போக வேண்டிய இடம் மந்தி அல்ல, நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிற பெண்ணும் அல்ல. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது குரங்கா? மந்தி இருக்கிறது என்பதற்காக மனிதனை இறக்கு என்று அந்தக் காணிக்காரரா சொன்னார்? குரங்கையும் கூலிக்காரனையும் எதிரெதிரே நிறுத்தினால், கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நடுவில் நழுவிப் போய்விடுவார்கள். மாறாக, எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த மலையின் மழையும் மரமும் பாதையும் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள் இன்று கீழே வேலை தேடி அலைகிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேரையும் காணிக் குடியிருப்புகளில் கொஞ்சம் பேரையும் நிரந்தரமாக நியமித்து, நோட்டும் பென்சிலும் கொடுத்து, வருஷம் தப்பாமல் பார்க்க வைத்தால் என்ன? காலிக் காடும் காலிப் பதிவேடும் யாருக்கு லாபம்?

நம் பக்கத்து மலையும் சும்மா இல்லை. 2015இல் அறிவித்த நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரியோடு நம் சங்கரன்கோவில் வனச்சரகமும் இருக்கிறது. அங்கே எத்தனை மந்தி என்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

ஆடித் தபசுக்கு ஊரே கூடுகிறோம். கோமதி அம்பாள் எதற்குத் தவம் இருந்தாள்? அரியும் சிவனும் ஒன்றாக நிற்கிற கோலத்தைக் கண்ணால் காண வேண்டும் என்று. பார்ப்பதற்காக ஒரு பெண் தவம் இருந்த ஊரில் இருந்துகொண்டு, 'பாக்கதுக்கு என்னவே இருக்கு' என்று நாம் கேட்கலாமா?

தங்கை மகள் இப்போது வேறு மாநிலத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது காது கிழிந்தவளின் குட்டியைப் பற்றிக் கேட்டேன். இருபது வருஷம் கழித்துக் கேட்கிறீர்களே மாமா என்று சிரித்தாள். பிறகு எப்போதும் அதைக் காணவில்லையாம். நோட்டில் இன்றும் 'காணவில்லை' என்றுதான் இருக்கிறதாம்.

என் பதிவேட்டில் இருக்கிற மூன்று பூஜ்யத்தையும் இனி திருத்த முடியாது. அந்த வாழைக்காரர் இன்று உயிரோடு இருந்தால் எனக்கு மூத்தவராக இருப்பார். அவர் வீட்டார் யாராவது இதைப் படித்தால், அன்று மழை பெய்தது. பாட்டிலில் தண்ணீர் இருந்தது. நான் பார்த்தேன்.